தேதி முத்திரை விழாத புத்தகம்

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் பதினாறு வயதில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, அது அறைக்கதவைச் சாத்துகிற சத்தத்தைக் கேட்டே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று கணிக்கிறவர்களுக்கு. எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சத்தம் கேட்பதில்லை. மூன்று வாரத்துக்கு முன் மகளின் அறைக்கதவிலிருந்து தாழ்ப்பாளை நானே கழற்றினேன். கதவில் நாலு திருகாணி ஓட்டைகள் இருக்கின்றன.

நடந்தது இதுதான். அவளுடைய வேதியியல் ரெக்கார்டு நோட்டில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. "இந்த வீட்டில் நான் இருந்த இடத்தைப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைத்துவிட்டேன். இனி நீங்கள் தாராளமாக நடக்கலாம். யாரும் என்மேல் தடுக்கி விழ வேண்டியதில்லை."

அதைப் படித்த பிறகு செய்ததெல்லாம் வரிசையாக நினைவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வகுப்பு நடக்கும்போதே அவளை வெளியே அழைத்து, மற்றப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்க்க, கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு அறைந்தேன். பையைத் தரையில் கொட்டினேன்.

"அம்மா, அது ஒரு நாவல்ல வருதும்மா. நூத்திப் பதினேழாம் பக்கம்" என்றாள்.

எந்த நாவல் என்று நான் கேட்கவில்லை. "பொய் சொல்லாத" என்றேன். அன்று சாயங்காலம்தான் தாழ்ப்பாளைக் கழற்றியது.

மறுநாள் அவள் மேசையில் அந்தப் புத்தகம் விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தது, நான் பார்க்கட்டும் என்றே. ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. எழுதிய பெண்ணின் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அந்த மூன்று வரியும் இருந்தன. நாவலில் ஒரு தையல்காரி தன் அக்கா வீட்டைவிட்டுத் தனிக்குடித்தனம் போகும்போது சொல்வது. சாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றிலிருந்து மகள் என்னோடு பேசவில்லை.

பயந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த வரிகளைப் பார்த்தால் எந்தத் தாயும் பயப்படுவாள். ஆனால் புத்தகத்தைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

*

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம். ஐப்பசி வந்தும் மழை வரவில்லை. எங்கள் வீடு திண்டுக்கல்லில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது. அப்பாவுக்கு வெங்காய மண்டியில் வேலை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் கூடம் முழுக்கச் சின்ன வெங்காய வாசனை நிற்கும். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்தது அண்ணன்மார் இரண்டு பேரும்தான். பெரியவரான என் பெரியப்பாவுக்கு அடுத்த தெருவில் வீடு.

அத்தை பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். டிகிரி முடித்து, அதற்குமேல் நூலகருக்கென்று இருக்கிற படிப்பையும் முடித்து, ஏதாவது ஒரு நூலகத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவளுடைய திட்டம். வேறு எதையும் அவள் ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஃபேனுக்கு அடியில ஒரு மேசை. சுத்தி புஸ்தகம். பேசாதீங்கன்னு போர்டு. வேற என்னடி வேணும்?" என்பாள்.

சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போவாள். மாடியில், ஒரு இரும்புக் கடைக்கு மேலே இருந்தது. படிகளில் துருவும் எண்ணெயும் மணக்கும். அங்கே அத்தைக்கு ஒரு பழக்கம். எல்லாரும் அட்டையைப் பார்த்துப் புத்தகம் எடுப்பார்கள். அவள் பின்பக்கத்தைத் திறந்து, திருப்பித் தர வேண்டிய நாளை முத்திரை குத்துகிற அந்தத் தேதிச் சீட்டைப் பார்ப்பாள். சீட்டு வெள்ளையாக இருந்தால்தான் எடுப்பாள். யாருமே எடுத்துப் போகாத புத்தகங்கள். பெரும்பாலும் கீழ்த்தட்டில், துடைப்பம் படுகிற உயரத்தில் கிடக்கும். என் வேலை தரையில் முழங்கால் போட்டு அவற்றை இழுத்துக் கொடுப்பது.

நூலகருக்கு அதில் ஒரு வேடிக்கை. "ஏம்மா, நல்லாப் போற புஸ்தகமெல்லாம் மேல இருக்கு. நீ அடியில கெடக்குறதையே நோண்டுறியே?"

"மேல இருக்கிறத எல்லாரும் படிச்சுக்கிருவாங்க சார்."

"அப்ப இத அனாதை இல்லம்னு நெனச்சியா?"

"பத்துல ஏழு குப்பைதான் சார். மிச்சம் மூணுக்காகத்தான் வாரேன்."

உண்மைதான். ஏழு குப்பை. சிலவற்றை அத்தை பத்துப் பக்கம் படித்துவிட்டு, "இவனுக்கு யாரு பேனா வாங்கிக் குடுத்தது" என்று மூடி வைப்பாள். ஆனால் அந்த மூன்றில் ஒன்று கையில் சிக்கிவிட்டால் அவள் முகம் மாறும். பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பாள். வேறு யாரும் போகாத பாதையில் ஒரு கிணறு இருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி எனக்கும் ஒரு பெருமை வரும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வாராந்தரத் தொடர்கதை பேசுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அந்த ஐப்பசியில் சிக்கியது ஒரு மெலிந்த நாவல். சாம்பல் நிற அட்டை. பெயரைச் சொல்லலாம், சொன்னால் நீங்கள் தேடுவீர்கள், கிடைக்காது. முப்பத்தைந்து வருஷமாக நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

"எழுதுனவர் யாரு சார்?" என்று அத்தை கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலையாம், பின்னாடி போட்டிருக்கு. இது ஒண்ணுதான் எழுதியிருக்காரு போல. கவர்மெண்டு ஆர்டர்ல வந்துச்சு. வந்ததுலேருந்து இங்கதான் படுத்துருக்கு." நூலகர் வெள்ளைச் சீட்டில் முதல் முத்திரையைக் குத்தினார். ஊதா மை. அத்தை அதை ஊதிக் காய வைத்தாள்.

*

வறண்ட சமவெளியில் ஒரு ரயில்வே கேட். அதன் கேட் கீப்பர், அவர் மனைவி. நாவல் முழுக்கப் பெரும்பாலும் அவர்கள்தான். ஒருவருக்கும் பெயர் கிடையாது. கேட்டுக்காரர், அவர் மனைவி, ஆடு மேய்க்கிறவர், ஏழு மணி வண்டி. இதில் நானும் யாருக்கும் பெயர் எழுதாமல் போவது அங்கிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கமாக இருக்கலாம்.

கதை என்று பெரிதாக இல்லை. ஒருநாள் போகிற வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு தூக்குச்சட்டி விழுகிறது. கேட்டுக்காரரின் மனைவி அதைக் கழுவித் துடைத்து, மறுநாள் அதே வண்டி வரும்போது கையில் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். யாராவது ஜன்னலிலிருந்து கை நீட்டுவார்கள் என்று. நீட்டவில்லை. மறுநாளும் நிற்கிறாள். பதினோரு நாள் நின்றுவிட்டு, பன்னிரண்டாம் நாள் அந்தச் சட்டியில் தனக்கே சோறு போட்டுச் சாப்பிடுகிறாள்.

அத்தை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அம்மா வெங்காயம் உரித்தபடி கொஞ்சம் கேட்டுவிட்டு, "இதுல என்னதான் நடக்குது?" என்றாள்.

"ஒண்ணும் நடக்கலண்ணி. அதான் நல்லாருக்கு."

"ஒண்ணும் நடக்காததப் படிக்கணுமாக்கும். எனக்குத்தான் தெனம் நடக்குதே, ஒண்ணும் நடக்காம."

அத்தை சிரித்த சிரிப்பில் புத்தகம் மடியிலிருந்து நழுவி விழுந்தது. அம்மா அதன் பிறகு அந்தக் கதையைக் கேட்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் அத்தை தனக்குப் பிடித்த பக்கங்களைக் கோடு போட்ட நீளத் தாள்களில் எழுதி எடுத்துக்கொள்வாள். மேலே தலைப்பெல்லாம் போட மாட்டாள். நேராக வரிகள்தான். எழுதிய தாள்கள் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை, "நெசமான கேட்டு எப்படி இருக்கும்னு பாத்துட்டு வருவமா?" என்றாள். பழனி லைனில், ஊரைத் தாண்டி ஒரு கேட் இருந்தது. டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, வெயிலில் நடந்து போனோம். கேட் கீப்பர் நரைத்த மீசைக்காரர். தண்ணீர் கேட்டோம், மண்பானையிலிருந்து கொடுத்தார். அத்தை பச்சைக் கொடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இம்புட்டு லேசாவா இருக்கும்?" என்று கேட்டாள். அவர், "துணிதானம்மா" என்றார். வண்டி வந்தபோது அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். அவள் தூக்குச்சட்டியைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நாளைப்போல ஒரு நாள் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

*

நாவல் முடிய கொஞ்சம் பக்கம் இருந்தது. அத்தை எனக்கு முன்னால் முழுதும் படித்துவிட்டாள். முடிவைச் சொல்ல மறுத்தாள். "நாளைக்கு வாசிச்சுக் காட்டுறேன். அவ ஒரு லெட்டர் எழுதுறா, அதோட இன்னைக்கு நிறுத்திக்கிருவோம்." அன்று அந்தக் கடிதத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் குளிக்கும்போது புத்தகத்தை என் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

கைவேலை வகுப்பில், எம்பிராய்டரித் துணிக்கு அடியில் வைத்துப் பக்கத்தைத் திறந்தேன். கடிதம் இருந்த பக்கத்தைத் திருப்புவதற்குள் டீச்சரின் கை வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டது.

"கதைப் புஸ்தகமா? அப்பாவ வரச் சொல்லு. அவருகிட்டத்தான் குடுப்பேன்."

டீச்சர் அதைத் தன் பீரோவில், ஊசி நூல் டப்பாக்களோடு வைத்துப் பூட்டினார். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் புத்தகத்தைத் தேடினாள். நானும் கூடவே தேடினேன். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்து, "இங்க இல்ல அத்தை" என்றேன்.

மூன்றாம் நாள் அப்பா ரேஷன் கார்டு தேடி அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். "நாளைக் காலை ஏழு மணி வண்டி போகும்போது நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன். என்னைத் தேட வேண்டாம். போகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக் கதவோரம் நின்றே என் கால் மரத்துப்போனது. ஒரே ஒருமுறை நான் போகிறேன், நீங்கள் நின்று பாருங்கள். கேட்டில் ஒரு கொடி காட்டினால் எனக்கு அது போதும்."

பெயர் இல்லை. ஊர் இல்லை. அத்தையின் கையெழுத்து.

அப்பா கத்துகிற ஆள் இல்லை. தாளைக் கையில் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றார். பெரியப்பாவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்ததும் மற்றத் தாள்களும் வெளியே வந்தன. எல்லாவற்றிலும் ஒரு கேட்டுக்காரர். அவர் கொடியை எப்படிச் சுருட்டுவார், வியர்வை அவர் கழுத்தில் எப்படி இறங்கும் என்று.

"இது நாவல்ண்ணே" என்றாள் அத்தை. "லைப்ரரி புஸ்தகம். பாத்து எழுதுனேன்." புத்தகத்தின் பெயரையும் சொன்னாள்.

"எந்த நாவலு? நானுந்தான் கதை படிக்கிறேன். இப்படி ஒரு பேரக் கேட்டதே இல்லியே" என்றார் பெரியப்பா. "எங்க, அந்தப் புஸ்தகத்தக் காட்டு."

"காணோம்ண்ணே. ரெண்டு நாளாத் தேடுறேன்."

"காணாமத்தான் போகும்."

"லைப்ரரியில போய்க் கேளுங்க."

"லைப்ரரிக்காரன்கிட்டப் போயி, என் தங்கச்சி ஓடிப்போறேன்னு எழுதி வச்சிருக்கா, இது ஒங்க புஸ்தகமான்னு கேக்கச் சொல்றியா? ஊரு சிரிக்கவா?" பிறகு ஏதோ தோன்றியதுபோல, "ஏன், அவனுக்கும் இதுல பங்கு உண்டா?" என்றார்.

எல்லாரும் படிக்கிற ஒரு நாவலாக இருந்திருந்தால், அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, "அட, இது அந்தக் கதையில வருதே" என்று சொல்லியிருப்பார்கள். நாலு பேர் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அத்தை தேடித் தேடி எடுத்ததோ யாரும் தொடாத புத்தகம். அம்மாவும், "என்னமோ வாசிப்பா, எந்தக் கதைன்னு நான் காது குடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டாள். அவளுக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தது.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "சின்னவளக் கேளுங்க. அவளுக்கு வாசிச்சுக் காட்டிருக்கேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "அப்படி ஒரு புஸ்தகம் இருந்துச்சாம்மா?"

பீரோ நினைவுக்கு வந்தது. டீச்சரின் வளையல் சத்தம். அப்பா பள்ளிக்கூடத்தில் வந்து நிற்பது. "நான் பாக்கலப்பா" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லது.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார்கள். என்னை அப்பா முன் பாரில் உட்கார வைத்துக்கொண்டார். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. ஊரைத் தாண்டி அந்தத் தண்டவாளம் தெரிந்தபோது எனக்குப் புரிந்தது. கடிதத்தில் இருந்த கேட்டைத் தேடி அவர்கள் போகிறார்கள். நாவலில் இருந்த கேட் கீப்பரை, பழனி லைனில்.

நரைமீசைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க தம்பி. வண்டி வர நேரமிருக்கு."

"உக்கார வரல" என்றார் பெரியப்பா. "இங்க ஒரு பொண்ணு வந்துச்சா? காலேசுப் பொண்ணு."

அவர் யோசித்துவிட்டு என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "ஆமா, வந்துச்சே. இந்தப் பாப்பாகூடத்தான் வந்துச்சு. தண்ணி குடுத்தேன். கொடியக் கையில வாங்கிப் பாத்துச்சு. நல்ல பிள்ளை. ஏன் தம்பி?"

அப்பா சைக்கிள் ஹேண்டில் பாரைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா அந்த மனிதரின் நரையையும் அறைக்குள் இருந்த ஒற்றைப் பாயையும் பார்த்தார். வேறு யார் இங்கே வேலை பார்ப்பது என்று கேட்டார். மாற்று ஆள் ஒருவர் உண்டு, வயசுப் பையன், லீவில் போயிருக்கிறான் என்றார் அவர்.

அவ்வளவுதான். வேறு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பையனை அத்தை பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை. இன்றுவரை அவன் முகம் யாருக்கும் தெரியாது. அவனைக் காரணம் காட்டி அத்தையின் கல்லூரி அந்தத் திங்கட்கிழமையோடு நின்றது.

திரும்பும்போது அப்பா பாதி வழியில் சைக்கிளை நிறுத்தி எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். "அத்தை ஒன்ன அங்க கூட்டிட்டுப் போனத ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். கடலை மிட்டாய் வாயில் இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

தை பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரி நிலம், அத்தையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கெட்டவர் இல்லை. அந்த வீட்டில் காலண்டரைத் தவிரப் படிக்க ஒன்றும் இல்லை. பந்தியில் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் சரியில்லை என்று யாரோ பெரியப்பாவோடு சண்டை போட்டார்கள். அத்தை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான், புதுப் பாவாடையில்.

*

மாசியில் ஒரு அஞ்சலட்டை வந்தது. நூலகத்திலிருந்து. எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்று நினைவூட்டல். புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், எடுத்த தேதி. கூடத்தில் அன்று அத்தை சொன்ன அதே பெயர்.

அப்பா அதை நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தார். நான் ஹோம்ஒர்க் நோட்டுக்கு மேலாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதங்களைக் குத்தி வைக்கிற வளைந்த கம்பி ஒன்று எங்கள் சுவரில் தொங்கும். அதிலிருந்த எல்லாவற்றையும் கழற்றி, அந்த அட்டையை முதலில் குத்தி, மற்றவற்றை அதன்மேல் ஒவ்வொன்றாகக் குத்தினார். அது எல்லாவற்றுக்கும் அடியில் போனது. அம்மாவிடம் சொல்லவில்லை. பெரியப்பாவிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டு இரண்டு பேர் ஒரே வீட்டில் அத்தனை வருஷம் சாப்பிட்டோம், தூங்கினோம்.

அடுத்த முறை அத்தையைப் பார்க்கப் போனபோது அப்பா ஒரு கட்டு வாராந்தரப் பத்திரிகைகளை வாங்கிக்கொண்டு போனார். "சும்மா இருக்கும்போது படி" என்றார். எல்லாம் தொடர்கதைகள். அத்தை, "சரிண்ணே" என்று வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த முறை போனபோது அவை அடுப்படி அலமாரித் தட்டுகளில் விரிக்கப்பட்டிருந்தன.

பரீட்சை முடிந்து நான் டீச்சரிடம் போய்ப் புத்தகத்தைக் கேட்டேன். பீரோவைக் காலி செய்தபோது பழைய தாளோடு போட்டுவிட்டதாகச் சொன்னார். "இப்ப எதுக்கு அது? ஒழுங்காப் படி."

அப்பா போன பிறகு சுவர்க் கம்பியை நான்தான் கழற்றினேன். அட்டை அடியிலேயே இருந்தது. கம்பி குத்திய ஓட்டை ஆசிரியர் பெயரின் நடுவில் விழுந்திருந்தது. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் மிச்சம். பழைய புத்தகக் கடைகளில் நான் புத்தகத்தின் பெயரையும் அந்த இரண்டு எழுத்தையும் வைத்துக்கொண்டு தேடினேன். அப்படித் தேடுகிற சாக்கில் யாரும் படிக்காத எத்தனையோ நல்ல நாவல்களைப் படித்தேன். என் வீட்டில் ஒரு அலமாரி முழுக்க அவைதான். மகள் அந்த அலமாரியின் நிழலில் வளர்ந்தவள். பிடித்த வரியை எழுதி வைக்கிற பழக்கம் அவளுக்கு வேறெங்கிருந்து வந்திருக்கும்? அதைத் தெரிந்திருந்தும்தான் "பொய் சொல்லாத" என்றேன்.

*

போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு குஜிலியம்பாறைக்குப் போனேன். வருகிறாயா என்றதற்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

அத்தைக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது ஆகப்போகிறது. முற்றத்தில் கடலை காயப்போட்டிருந்தது. மாமா கட்டிலில் படுத்திருந்தார், காது கேட்பதில்லை. அத்தை முறத்தை மடியில் வைத்துக் கடலை உடைத்தாள். நானும் உட்கார்ந்து உடைத்தேன். மகள் தூணில் சாய்ந்து நின்றாள். அஞ்சலட்டையை எடுத்துக் கொடுத்தேன். அத்தை அதைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்தாள்.

"சின்னண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு அத்தை."

"ம்."

"புஸ்தகத்த நான்தான் எடுத்துட்டுப் போனேன். டீச்சர் புடுங்கிட்டாங்க. அன்னைக்கெல்லாம் அது ஸ்கூல் பீரோவுலதான் இருந்துச்சு."

அத்தை ஒரு கடலையை உடைத்து முறத்தில் போட்டாள். "தெரியும்."

"எப்படி?"

"கட்டிலுக்கு அடியில பூந்து பூந்து தேடுனியே. தேடுறவ மூஞ்சி அப்படி இருக்காதுடி."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பதினோரு வயசுப் பிள்ளைய முச்சந்தியில நிறுத்தி நான் என்னத்தப் படிச்சுக் கிழிக்கப்போறேன்." இன்னொரு கடலையை உடைத்து, "நீ சொல்லுவேன்னுதான் நெனச்சேன். நீயாச் சொல்லுவேன்னு. ஒவ்வொரு நாளும் நெனச்சேன். தாலி கட்டுறவரைக்கும் நெனச்சேன்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

பிறகு இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "அவ அந்த ஏழு மணி வண்டியில ஏறுனாளா அத்தை?"

"நீ கடைசிவரைக்கும் படிக்கலையா?"

"லெட்டரோட புடுங்கிட்டாங்க."

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "ஏறல. லெட்டர அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டு, கடைசியா ஒரு வேளை அவனுக்குச் சோறாக்கி வச்சிட்டுப் போவோம்னு உலை வைக்கிறா. அரிசி அள்ளக் கைய விட்டா லெட்டருதான் வருது. ஈரக் கை. மையெல்லாம் கலைஞ்சுபோச்சு. அத அடுப்புல போட்டுட்டு அரிசியக் களையுறா. வண்டி போகுது. தெனமும்போல வெளிய வந்து நிக்கிறா. அம்புட்டுதான் கதை." புடவை முந்தியில் கையைத் துடைத்தாள். "அந்தப் பக்கத்தத்தான் மறுநா எழுதணும்னு வச்சிருந்தேன். அதுதான் ரொம்ப நல்லாருக்கும்."

அந்த மறுநாள் காலையில்தான் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த பக்கமும் டிரங்குப் பெட்டியில் இருந்திருந்தால், அரிசிப் பானையும் அடுப்பும் ஈரக்கையும் இருந்திருந்தால், அப்பா அதைக் கதை என்று கண்டுகொண்டிருப்பார். அப்பா அப்படி ஒன்றும் புரியாதவர் இல்லை.

மகள் தூணிலிருந்து நகர்ந்து வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கடலையை எடுத்து உடைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். இரண்டு பேருக்கும் சேர்ந்துதான் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம். எரியோடு தாண்டிக் கேட்டேன். "நூத்திப் பதினெட்டாம் பக்கத்துல என்ன இருக்கு?"

அவள் வெளியே பார்த்தபடியே இருந்தாள். பிறகு பையைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மொதல்லேருந்து படி" என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். அதற்குப் பிறகு இன்றுவரை, சோறு வேண்டும், வேண்டாம் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பயம் எனக்கு முழுதாகப் போய்விடவில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் சமையலறை இழுப்பறையில் கிடக்கின்றன. தினமும் கரண்டி எடுக்கும்போது கையில் படுகின்றன. இன்னும் மாட்டவில்லை. சமையலுக்கு நடுவில், அவள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்னால், ஒரு பக்கத்தையும் தாண்டாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்று நாற்பத்தோராம் பக்கம்.